காரில் டம்மி அலாரம் லைட்: வயரிங் எப்படி, பலன் இருக்கா?

வேளச்சேரி_ஜென்
வணக்கம் மக்களே. நம்மகிட்ட 2003 மாடல் மாருதி ஜென் இருக்கு, ஆர்சி ரினிவல் எல்லாம் பண்ணி பக்காவா வெச்சிருக்கேன். அபார்ட்மெண்ட்ல ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரு கார் இடம்தான், அதுல வீட்டுல உள்ள இன்னொரு வண்டி நிக்குது, ஜென் ராத்திரி பூரா தெருவுலதான். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம இன்ஜின ஸ்டார்ட் ஆக விடாத கருவி) கிடையாது, அலாரம் கிடையாது, ஸ்டீயரிங் லாக் மட்டும் இருக்கு. போன மாசம் ரெண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஆம்னிய தூக்கிட்டாங்க. முழு அலாரம் மாட்டி அந்தப் பழைய வயரிங்ல எல்லா இடத்துலயும் வெட்டி ஒட்ட எனக்கு இஷ்டமில்ல. டேஷ்போர்டுல ஒரு சிவப்பு எல்இடி மட்டும் கண்ணடிக்கிற மாதிரி வெச்சா போதுமான்னு யோசனை. வண்டி ஆஃப்ல இருக்கும்போது மட்டும் எரியணும், ஓட்டும்போது எரியக்கூடாது, தனியா ஸ்விட்ச் வேணாம் ஏன்னா போட மறந்துடுவேன். யாராவது பண்ணிருக்கீங்களா?

சந்தேகசாமி
ப்ரோ, திருடன் என்ன கைக்குழந்தையா? லைட்டப் பாத்து பயந்து ஓடறதுக்கு. ஆன்லைன்ல சோலார் வெச்ச டம்மி லைட் கொட்டிக் கிடக்கு, அது எல்லாருக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும். அந்தக் காசுக்கு ஒரு கியர் லாக் போடுங்க.

ரிச்சிதெரு_ரமணி
சந்தேகசாமி சார் சொல்றதுல பாதி சரி. அந்த சோலார் ஐட்டத்த நானும் சொல்ல மாட்டேன். டேஷ்போர்டு மேல சென்னை வெயில்ல 70 டிகிரிய சாதாரணமா தாண்டும், அதுக்குள்ள இருக்குற குட்டி ரீசார்ஜ் செல் ஒரு கோடை தாங்கினா பெரிசு, அப்புறம் உப்பி நிக்கும். பசையும் இளகி லைட்டு சறுக்கிட்டு கண்ணாடி ஓரத்துல விழுந்து கிடக்கும். அதப் பாத்தா யாருக்குமே பயம் வராது.

ஆனா வயர் போட்டு கம்பெனி ஃபிட்டிங் மாதிரி உக்கார வெச்சா கதை வேற. தம்பி கேட்ட "ஆஃப்ல மட்டும் எரியணும், ஸ்விட்ச் வேணாம்" ங்கறதுக்கு ரொம்ப பழைய ட்ரிக் ஒண்ணு இருக்கு. எல்இடியோட ப்ளஸ்ஸ எப்பவும் 12 வோல்ட் இருக்குற ஃபியூஸ்ல குடுங்க. மைனஸ எர்த்ல குடுக்காதீங்க, இக்னிஷன் ஆன் பண்ணா மட்டும் 12 வோல்ட் வர்ற லைன்ல குடுங்க. சாவி ஆஃப்ல இருக்கும்போது அந்த இக்னிஷன் லைன் அதுல மாட்டிருக்குற லோடு வழியா எர்த்தோட சேர்ந்து நிக்கும், அதனால கரண்ட் போகும், எல்இடி எரியும். சாவிய திருப்பின உடனே ரெண்டு பக்கமும் 12 வோல்ட், வித்தியாசம் இல்ல, எல்இடி அணைஞ்சிடும். ரிலே (கரண்ட்ல இயங்கற ஸ்விட்ச்) வேணாம் ஒண்ணும் வேணாம்.

ரெசிஸ்டர் கணக்கு: ஓடும்போது எல்இடி எரியாதுன்னாலும் அதிகபட்ச வோல்டேஜுக்கே கணக்கு போடுவோம், வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14.4 வரைக்கும் குடுக்கும், சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கும், மிச்சம் 12.4. 1.2 கே (பிரவுன், சிவப்பு, சிவப்பு) போட்டா 10 மில்லி ஆம்பியர் சுமாருக்கு வரும், கால் வாட் போதும். நிறைய பேர் 470 ஓம் போடுன்னு எழுதி வெச்சிருக்கான். அது 26 மில்லி ஆம்பியர், 0.3 வாட்டுக்கு மேல, கால் வாட் ரெசிஸ்டர் கொதிக்கும். ராத்திரி இருட்டுல 5 மில்லி ஆம்பியரே கண்ணக் குத்தும்.

வேளச்சேரி_ஜென்
ரமணி சார் சூப்பர். அப்போ ரிச்சி ஸ்ட்ரீட்ல கண்ணடிக்கிற எல்இடின்னே கிடைக்குதே, உள்ளயே ஐசி வெச்சது, அத வாங்கி 1.2 கே போட்டு முடிச்சிடலாமா? பேட்டரி டவுன் ஆகுமா? வாரத்துல ஒருநாள் ரெண்டு நாள்தான் வண்டிய எடுக்கறேன்.

கோவை_ஆட்டோஎலக்ட்ரிக்
ஏனுங்க தம்பி, அவசரப்படாதீங்க. நான் இந்தத் தொழில்லயே இருக்கறவன், சிலது சொல்லிப்போடறேன்.

இக்னிஷன் லைன்னு பொதுவா சொல்லிட்டாங்க, எந்த இக்னிஷன் லைன்ங்கறதுதான் விஷயமே. ஸ்டீரியோவுக்குப் போற ஏசிசி ஒயர்ல (சாவிய பாதி திருப்பினாலே கரண்ட் வர்றது) மைனஸ குடுத்தீங்கன்னா எல்இடி எரியாதுங்க, இல்ல மினுக்குனு மங்கலா எரியும். ஏன்னா செட்டு அந்த ஒயர்ல வோல்டேஜ் வருதான்னு பாக்க மட்டுந்தான் செய்யும், கரண்ட் விடாது. சிகரெட் லைட்டர் லைனும் அப்படித்தான், ஒண்ணும் சொருகலைன்னா அதுல லோடே இல்ல. ப்ளோயர், வைப்பர், ரிலே காயில் இருக்கற லைனா பாத்து எடுக்கோணும். மீட்டர ஓம்ஸ்ல வெச்சு, சாவி ஆஃப்ல, அந்த ஒயருக்கும் பாடிக்கும் நடுவால பாருங்க, நூறு இருநூறு ஓமுக்குள்ள காட்டினா வேலை ஆவும். ரிலே காயில் வழியா 10 மில்லி ஆம்பியர் போனா ரிலே இழுத்துக்குமோன்னு பயப்பட வேண்டாம், அதுக்கு அது பத்தாது.

ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) லைன், ஃப்யூயல் பம்ப் லைன் பக்கமே போகாதீங்க. உங்க ஜென்ல ஏர்பேக் தொல்லை இருக்காது, ஆனா இத படிச்சுட்டு வேற வண்டில பண்றவங்களுக்கு சொல்றேன், மஞ்சக் கலர் ஸ்லீவ், மஞ்சக் கலர் கனெக்டர் தெரிஞ்சா கைய எடுத்துக்குங்க. ஓரத் தூண் பிளாஸ்டிக்குக்குள்ள ஒயர் விடறதும் வேண்டாம், கர்ட்டன் ஏர்பேக் இருந்தா அது விரியறப்ப ஒயர் குறுக்கால கிடக்கும்.

அப்பறம் ஃபியூஸ். எல்இடிதானே, அஞ்சு ரூபா சாமான்தானேன்னு நேரா பேட்டரி லைன்ல ஒயர முறுக்கி டேப் சுத்தறாங்க பாருங்க, அதுதாங்க எங்ககிட்ட எரிஞ்சு போய் வருது. எல்இடி ஒண்ணும் பண்ணாது, அந்த ஒல்லி ஒயர் எங்கியாவது தகரத்துல தேஞ்சு பாடில பட்டா முழு பேட்டரியும் அது வழியா பாயும். ஃபியூஸ் டேப்னு ஒரு சொருகி விக்கறான், இருக்கற ஃபியூஸ எடுத்துட்டு அத சொருகினா ரெண்டு ஃபியூஸ் போட இடம் வரும். ரெண்டாவதுல 1 ஆம்பியரோ 2 ஆம்பியரோ போடுங்க. வாங்கறதுக்கு முந்தி உங்க பாக்ஸ்ல இருக்கறது பெரிய ப்ளேடா மினியான்னு பாத்துட்டுப் போங்க. கறுப்பு டேப் வேண்டாம், வெயிலுக்கு பசை உருகி பிசுபிசுன்னு அவுந்துரும். சோல்டர் வெச்சு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க.

ரிச்சிதெரு_ரமணி
கோவை அண்ணன் சொன்னதுல ஒரு எழுத்து கூட மாத்த வேண்டியதில்ல. கூடவே ஒரு 1என்4007 டயோடு சீரிஸ்ல போட்டுக்குங்க, எல்இடி ரிவர்ஸ் வோல்டேஜ் தாங்காது, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்டேஜ் படுத்து எழுந்திருக்கும், லைன்ல என்னென்னவோ ஸ்பைக் வரும். ஒரு ரூபா சாமான்.

பேட்டரி கணக்கு கேட்டீங்க. கண்ணடிக்கிற எல்இடி பாதி நேரம் எரியும், சராசரி 5 மில்லி ஆம்பியர், ஒரு மாசத்துக்கு 3.6 ஆம்பியர் ஹவர். உங்க 35 ஆம்பியர் ஹவர் பேட்டரில பத்து சதவீதம். வாரம் ஒருநாள் ஓட்டினா ஒண்ணும் தெரியாது, ஆனா பழைய பேட்டரிய வெச்சுகிட்டு ரெண்டு மாசம் ஊருக்குப் போனா செல்ஃப் எடுக்காது.

எனக்கு அதவிட பெரிய குறை என்னன்னா அந்த எல்இடி கண்ணடிக்கிற வேகம். செகண்டுக்கு ரெண்டு தடவை டிக்டிக்னு, எரியற நேரமும் அணையற நேரமும் சமமா இருக்கும், பாத்தாலே கொலு செட்டு சீரியல் பல்பு மாதிரி. கம்பெனி இம்மொபிலைசர் லைட்ட உத்துப் பாருங்க, ஒரு சின்ன மின்னல், அப்புறம் ஒண்ணு ஒண்ணரை செகண்ட் இருட்டு, மறுபடி மின்னல். அது பேட்டரி மிச்சம் பிடிக்கத்தான் அப்படி வெச்சான், ஆனா பல வருஷமா பாத்துப் பாத்து ஜனங்க கண்ணுக்கு அந்த தாளம்தான் "நிஜ அலாரம்". நாமளும் அதையே பிடிக்கணும்.

அதுக்கு ஒரு 555 டைமர், நேரம் வெச்சு விட்டு விட்டு எரிய வெக்கற சின்ன ஐசி. இதுல ஒரு தகராறு இருக்கு. சாதா என்இ555 வாங்காதீங்க, அது சும்மா உக்காந்திருக்கவே 15 வோல்ட்ல 10 மில்லி ஆம்பியர் எடுக்கும்னு டேட்டாஷீட்லயே போட்டிருக்கு, 12-ல கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எல்இடிய விட ஐசி அதிகமா குடிக்கும். சிமாஸ் டைப் 7555 வாங்குங்க, கால் எல்லாம் அதே வரிசை, ஆனா மில்லி ஆம்பியர்ல ஒரு சின்ன பங்குதான் எடுக்கும்.

8-ஆவது கால், 4-ஆவது கால் ப்ளஸ். 1 மைனஸ். 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து அங்கிருந்து 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மைனஸுக்கு. ப்ளஸ்லேர்ந்து 7-க்கு 2.2 மெகா ஓம், 7-லேர்ந்து 6-க்கு 100 கே. எல்இடிய ப்ளஸ்லேர்ந்து 1.2 கே வழியா 3-ஆவது காலுக்குக் குடுங்க, அதாவது 3 லோ ஆகும்போது எரியற மாதிரி. லோ நேரம் 0.693 இன்டு 100 கே இன்டு 1 மைக்ரோ, 70 மில்லி செகண்ட். ஹை நேரம் 1.6 செகண்ட். எல்லாம் சேர்த்து சராசரி அரை மில்லி ஆம்பியர் சொச்சம், மாசத்துக்கு அரை ஆம்பியர் ஹவர் கூட வராது, பேட்டரி தானா இறங்கறதே அதவிட ஜாஸ்தி.

கெபாசிட்டர் பாலியெஸ்டர் ஃபிலிம் வகை வாங்குங்க. எலக்ட்ரோலிட்டிக் வேணாம், சூட்டுல லீக் ஆகும், இவ்வளவு பெரிய ரெசிஸ்டர்ல சார்ஜே ஏறாம நின்னுடும். 7555 தாங்கறது 18 வோல்ட் வரைக்கும்தான், அதனால ப்ளஸ் லைன்ல 220 ஓம் ஒண்ணு, அதுக்கு அப்புறம் 15 வோல்ட் ஜெனர் டயோடு (வோல்டேஜ் அதுக்கு மேல ஏறாம பிடிக்கறது) ஒண்ணு ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கால. மொத்த போர்டோட மைனஸையும் எர்த்துக்குப் பதில் அதே இக்னிஷன் லைன்ல போடுங்க, ட்ரிக் அப்படியே வேலை செய்யும்.

பிரியா_பேட்டரிபாக்ஸ்
ரமணி சார், இந்த இக்னிஷன் லைன் ட்ரிக் புது வண்டிக்கு ஆகாதுன்னு ஒரு வரி சேர்த்துடுங்க ப்ளீஸ். இப்ப வர்ற வண்டில பாதி லைன் பாடி கன்ட்ரோல் மாட்யூல் (லைட், லாக் எல்லாத்தையும் பாத்துக்கற கம்ப்யூட்டர்) வழியா வருது, சாவி ஆஃப்ல அது எர்த்துக்கு இழுக்கும்னு நிச்சயமில்ல, சும்மா அந்தரத்துல தொங்கும். நம்ம எல்இடி வழியா கசியற கரண்ட் மாட்யூல தூங்க விடாம பண்ணா அப்புறம் உண்மையிலயே பேட்டரி டவுன். வாரண்டில இருக்குற வண்டில ஒயர வெட்டினா சர்வீஸ் சென்டர்ல பேச்சே வேற. அதுவும் போக புது வண்டில இம்மொபிலைசர் லைட்டே வந்துடுது, எதுக்கு இன்னொண்ணு.

சந்தேகசாமி ப்ரோவுக்கு ஒண்ணு. வெறும் அடையாளம் காட்டறதுக்கு மதிப்பே இல்லன்னு சொல்ல முடியாது. அமெரிக்கால கியா, ஹூண்டாய் வண்டிங்கள்ல இம்மொபிலைசர் இல்லாத மாடல யூஎஸ்பி கேபிள் முனைய வெச்சு திருப்பி ஓட்டிட்டு போற வீடியோ டிக்டாக்ல பரவி பெரிய கூத்தாச்சு இல்லையா, 2023 பிப்ரவரில கம்பெனிங்க சாஃப்ட்வேர் அப்டேட் விட்டாங்க, 83 லட்சம் வண்டிக்கு. அதோட கண்ணாடில ஒட்ட ஸ்டிக்கரும் குடுத்தாங்க, இந்த வண்டில திருட்டு தடுப்பு இருக்குன்னு. ஏன்னா உள்ள சாஃப்ட்வேர் மாறினது திருடனுக்குத் தெரியாது, அவன் கண்ணாடிய உடைச்சு, ஸ்டீயரிங் கவர பிச்சு, அப்புறம்தான் ஸ்டார்ட் ஆகலன்னு தெரிஞ்சுப்பான். நஷ்டம் நமக்கு.

சந்தேகசாமி
அது உள்ள நிஜமாவே பூட்டு போட்டுட்டு வெளிய போர்டு மாட்டறது. இங்க பூட்டே இல்லாம போர்டு மட்டும். அதான் என் கேள்வி.

இன்னொண்ணு, உங்க லைட்டப் பாத்து திருடன் போயிட்டான்னே வைங்க, எங்க போவான்? பக்கத்துல நிக்கற வண்டிக்கு. 1998-ல அயர்ஸ், லெவிட்னு ரெண்டு பேர் லோஜாக் பத்தி ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, வண்டிக்குள்ள எங்கேயோ ஒளிச்சு வெக்கற ட்ராக்கர், வெளிய தெரியவே தெரியாது. எதுல இருக்கு எதுல இல்லன்னு திருடனுக்குத் தெரியாததால அந்த ஊர்ல மொத்த திருட்டே குறைஞ்சுது. கண்ணுக்குத் தெரியற ஐட்டம் எல்லாம் திருட்ட அடுத்த வீட்டுக்கு தள்ளி விடறதுதான்.

வேளச்சேரி_ஜென்
ப்ரோ, அடுத்த வீட்டுக்காரர் எஸ்யூவி வெச்சிருக்கார், சிசிடிவியும் வெச்சிருக்கார். என் ஜென்ன நான் பாத்துக்கறேன் 😀

ஸ்காபரோ_செல்வன்
வணக்கம். நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். இஞ்ச 2007 செப்டம்பருக்குப் பிறகு வந்த வாகனம் எல்லாத்திலயும் இம்மொபிலைசர் கட்டாயம், எண்டாலும் களவு நிக்கேல்ல, முறைதான் மாறினது. கீ இல்லாம ஸ்டார்ட் பண்ணுற வாகனங்களை வீட்டு வாசலில நிண்டு சாவியின்ர சிக்னலை இழுத்து எடுத்துக்கொண்டு போறாங்கள், பிறகு கொள்கலனில ஏத்தி மொன்றியல் துறைமுகத்தால வெளிநாட்டுக்கு அனுப்புறாங்கள். 2024-இல ரொறன்ரோ பொலிஸ்காரர் ஒருத்தர் ஊர்க் கூட்டத்தில, கள்ளன் வீட்டுக்குள்ள வராமல் இருக்கிறதுக்கு சாவியை வாசல் கதவடியிலயே வையுங்கோ எண்டு சொல்லி பெரிய சிரிப்பாப் போச்சுது. அப்பிடிப்பட்ட ஆக்களுக்கு உங்கட சிவப்பு வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை.

ஆனா அவர் கேக்கிறது 2003 ஜென்னுக்கு. அதைத் தூக்க வாறவன் லப்டொப்போட வரமாட்டான், ஒரு ஸ்குரூ ட்ரைவரோட வருவான். அவனுக்கு இது காணும் எண்டுதான் நினைக்கிறன். இஞ்ச இப்ப திரும்பவும் எல்லாரும் ஸ்டீயரிங்கில குறுக்கால பூட்டுற இரும்புத் தடிதான் வாங்கினம், ஏனெண்டா அது தூரத்தில இருந்தே தெரியும்.

காப்பீட்டு_கண்ணன்
எல்லாரும் லைட்டப் பத்தியே பேசறீங்க, ஜென் சார் உங்க பாலிசி என்னன்னு முதல்ல எடுத்துப் பாருங்க. இருபது வருஷ வண்டிக்கு பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போட்டு வெச்சிருப்பாங்க. அதுல வண்டி திருடு போனா ஒத்த ரூபா வராது. திருட்டுக்கு கவர் வேணும்னா ஓன் டேமேஜும் (நம்ம வண்டிக்கே ஆகற நஷ்டத்துக்கான பகுதி) சேர்ந்திருக்கணும். கேட்டுப் பாருங்க, பழைய வண்டிக்கு இன்ஸ்பெக்ஷன் பண்ணிட்டு சில கம்பெனி தருவாங்க, ஐடிவி, அதாவது பாலிசில போடற வண்டி மதிப்பு, கம்மியா இருக்கும்.

திருட்டு தடுப்பு கருவிக்கு தள்ளுபடி இருக்குன்னு கேள்விப்பட்டு யாராவது இந்த எல்இடிய காட்டப் போறீங்க, அதுக்கு ஏஆர்ஏஐ (வண்டிகள சோதிச்சு சான்று தர்ற அமைப்பு) அப்ரூவ் பண்ண கருவி வேணும், தள்ளுபடியும் ஓன் டேமேஜ் பிரீமியத்துல 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபா. க்ளைம்னு வந்தா ரெண்டு சாவியும் கேப்பாங்க, போலீஸ்கிட்ட வண்டி கண்டுபிடிக்க முடியலன்னு சர்டிபிகேட்டும் கேப்பாங்க, ஸ்பேர் சாவி எங்கன்னு இப்பவே தேடி வைங்க.

அப்புறம் லைட்ட வெளிய கிரில்லுல வெக்கற ஐடியா யாருக்காவது இருந்தா விட்டுடுங்க. முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக்கூடாதுன்னு மத்திய மோட்டார் வாகன விதி 108 இருக்கு. மந்திரிங்க வண்டிலயே 2017 மே 1-லேர்ந்து சுழல் விளக்க கழட்டிட்டாங்க, நமக்கு எதுக்கு. உள்ள டேஷ்ல சின்னதா, வண்டி நிக்கும்போது மட்டும், அவ்வளவு போதும்.

கோவை_ஆட்டோஎலக்ட்ரிக்
சந்தேகசாமி கேட்டது நியாயமான கேள்விங்க, பூட்டே இல்லாம போர்டு மட்டும் எதுக்குன்னு. அதுக்கு பதில் இருக்குங்க. பூட்டையும் போட்ருங்க.

ஜென் எம்பிஎஃப்ஐ வண்டி (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வெச்சது), பெட்ரோல் பம்ப் கரண்ட்டுலதான் ஓடுது. பம்ப் ரிலேவோட காயில் ஒயர்ல ஒரு சின்ன ஸ்விட்ச ஒளிச்சு வெச்சிருங்க. பம்ப்புக்கு போற தடி ஒயர்ல வெக்காதீங்க, அதுல கரண்ட் ஜாஸ்தி, மட்டமான ஸ்விட்ச்சா இருந்தா ரோட்டுல போறப்ப உருகி வண்டி நின்னு போகும். காயில் பக்கம் கொஞ்சூண்டு கரண்ட்தான். முன்ன ஈசியூ பக்கம் போகாதீங்கன்னு சொன்னேன், அதனால இத நீங்களா பண்ண வேண்டாம், நல்ல எலக்ட்ரீசியன் கிட்ட குடுங்க, ஸ்விட்ச்சும் லாரிக்கு போடற தரத்துல வாங்குங்க. திருடன் ஸ்டார்ட் பண்ணா லைன்ல இருக்கற பெட்ரோல்ல கொஞ்ச தூரம் போகும், இல்ல உறுமிட்டு அங்கயே நின்னுக்கும். ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி டேஷ்ல சிவப்பா மின்னினத வேற பாத்திருப்பான், அவன் என்ன நெனப்பான்? அலாரம்தான் பிடிச்சுப்போச்சுன்னு நெனச்சு எறங்கி ஓடிருவான். லைட்டு தனியா பத்து பைசா, ஸ்விட்ச்சோட சேந்தா அதுக்கு ஒரு மதிப்பு வருதுங்க.

சந்தேகசாமி
இது ஒத்துக்கறேன் அண்ணே. இந்த காம்பினேஷன் ஓகே.

வேளச்சேரி_ஜென்
மாட்டியாச்சு மக்களே! அப்டேட் குடுக்காம போனா ரமணி சார் திட்டுவார்.

7555 போர்ட சின்ன ஜெனரல் பர்ப்பஸ் பிசிபில சோல்டர் பண்ணேன். லைட்ட டேஷ் மேல ஒட்டாம, ஸ்டீயரிங் பக்கத்துல இருக்குற காலி ஸ்விட்ச் மூடிய கழட்டி அதுல ஓட்டை போட்டு எல்இடி ஹோல்டர்ல உக்கார வெச்சேன், ட்ரைவர் கண்ணாடி வழியா பாத்தா நேரா தெரியுது, ஏதாவது பிரச்சினைன்னா மூடிய மட்டும் மாத்திக்கலாம். முதல்ல எடுத்த லைன்ல கோவை அண்ணன் சொன்ன மாதிரியே மினுக்கு மினுக்குனுதான் எரிஞ்சுது, மீட்டர்ல கிலோ ஓம் கணக்குல காட்டுச்சு, ப்ளோயர் லைனுக்கு மாத்தினதும் பளிச். சாவி திருப்பினா அணையுது, ஆஃப் பண்ணா அடுத்த செகண்ட் ஆரம்பிக்குது. பகல்ல அவ்வளவா தெரியல, ராத்திரி தெரு முனைலேர்ந்து தெரியுது. வாட்ச்மேன் மேல ஏறி வந்து பெல் அடிச்சு, சார் காருல என்னமோ லைட்ட அணைக்காம வந்துட்டீங்கன்றார்.

பம்ப் ஸ்விட்ச் வேலைய ஜி.பி. ரோடு பக்கம் ஒரு தெரிஞ்ச எலக்ட்ரீசியன் கிட்ட குடுத்திருக்கேன். ஸ்விட்ச் எங்கன்னு இங்க சொல்ல மாட்டேன் 😀 கண்ணன் சார், பாலிசி தேர்ட் பார்ட்டிதான், இன்ஸ்பெக்ஷனுக்கு வர சொல்லிருக்கேன்.

நெல்லை_ஸ்கூட்டர்
அண்ணாச்சிமாரே, இதே லைட்ட ஸ்கூட்டர்ல போட்டா என்ன? டவுன்ல வண்டிய விட்டுட்டு பஸ்ஸுல போவேன், சாயந்தரம் வரைக்கும் அங்கனயே கெடக்கும். என்கிட்ட அந்த தானா கண்ணடிக்கிற எல்இடி ரெண்டு கெடக்கு, அதையே போட்ரலாமான்னு சொல்லுங்க.

ரிச்சிதெரு_ரமணி
ஸ்கூட்டர் பேட்டரி 3, 4 ஆம்பியர் ஹவர்தான் தம்பி. அந்த எல்இடி மாசத்துக்கு 3.6 எடுக்கும், வண்டி எடுக்காம விட்டா மொத்தமும் காலி. 7555 போர்டு போட்டா கவலை இல்ல. ஆனா ஸ்கூட்டர்ல மழைத்தண்ணி நேரா உள்ள போகும், போர்ட எபாக்சில முக்கி எடுத்துட்டு மாட்டுங்க, இணைப்பு எல்லாம் சீட்டுக்கு அடில பேட்டரி பெட்டிக்குள்ளயே முடிஞ்சிடணும். முன்னாடி ஹேண்டில் பக்கம் வெக்காதீங்க, கண்ணன் சார் சொன்ன அதே சிவப்பு விளக்கு சமாச்சாரம், மீட்டருக்குள்ள காலி இண்டிகேட்டர் ஓட்டை இருந்தா அங்க வைங்க. கூடவே டிஸ்க் லாக் ஒண்ணு. ஸ்கூட்டர ரெண்டு பேர் சேர்ந்து தூக்கி குட்டி யானைல ஏத்திட்டா லைட்டு அங்கயும் கண்ணடிச்சுகிட்டேதான் போகும்.